தேங்காய்ப்பால் நிறத்தில் ஒரு குழாய்

மே 12
மருத்துவமனையின் கீழ்த்தள ஆய்வகத்தில் குளிரூட்டி மறுபடியும் ஓடுகிறது. கடிதம் மேல் கடிதம் எழுதியது நான். பாராட்டு டாக்டர் அல்காரெஸுக்கு. என்னோடு ஒரே வகுப்பில் படித்து, எனக்கு வரவேண்டிய தலைமைப் பதவியைத் தட்டிக்கொண்டு போனவருக்கு இதெல்லாம் சில்லறை. போகட்டும். காற்று குளிர்ச்சிதான்.

மே 15
ஊர்ப் புனிதர் சான் இசித்ரோவின் திருவிழா. எனக்கு வேலை. பன்றி வறுவல் அனுப்பினார்கள். தோல் நமுத்திருந்தது.

மே 16
திருவிழாவில் லாம்பனோக் என்ற தென்னஞ்சாராயம் குடித்த லாரி ஓட்டுநர் கோரியோ, தீவிர சிகிச்சைப் பிரிவில். வயிற்றுவலி, வாந்தி. எங்கள் இயந்திரம் பைகார்பனேட் ஐந்து என்றது, இருபத்துநான்கு இருக்கவேண்டும். அப்படியானால் இரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது. இந்த ஊரில் அமிலமும் லாம்பனோக்கும் சேர்ந்தால் ஒரே முடிவு: மெத்தனால் விஷம். அல்காரெஸ் டயாலிசிஸுக்குச் சொல்லிவிட்டார். சாராயம் காய்ச்சிய அவன் மைத்துனன் பெந்தோங் போலீஸ் பிடியில்.

கோரியோவின் மனைவி ஓலாங் ஆய்வக வாசலில் வந்து நின்றாள்.
“என் தம்பி விஷம் வைப்பானா டாக்டர்? அவனும் அதே ஜாடியிலதான் குடிச்சான். ஸ்டேஷன்ல படுத்துக் கொறட்டை விடுறான்!”

கோரியோவின் இரத்தம் எடுத்த குழாயை வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே நின்ற சீரம் அசல் தேங்காய்ப்பால். அவ்வளவு கொழுப்பு. ஒளியைச் செலுத்தி அளக்கும் இயந்திரத்துக்கு அந்தக் கலங்கலில் என்ன தெரியும்? மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அமிலம் ஏறியவனுக்கு மூச்சு இரைக்கும். இவன் முனகினான், மூச்சு சீராகவே இருந்தது.

சும்மா இருந்துவிட்டால் என்ன? அல்காரெஸ் ஊரறியக் குப்புற விழுவார் — நினைக்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் டயாலிசிஸ் ஊசி இறங்கப்போவது கோரியோவின் கழுத்தில் அல்லவா?

தமனி இரத்தத்தை, ஒளியை நம்பாத அவசரப் பிரிவுக் கருவியில் ஓட்டினேன். இருபத்திரண்டு. அமிலமும் இல்லை, விஷமும் இல்லை.

“உன் மெஷின் தப்புன்னு நீயே சொல்றியா?” என்றார் அல்காரெஸ் தொலைபேசியில்.
“ஆமா. கழுத்துல கைய வைக்காதே. ரத்தத்துல அவ்வளவு கொழுப்பு, கணையத்தைப் பாரு.”
“இரு, இறங்கி வர்றேன்.”
தலைவரான பின் அவர் இந்தப் படியை மிதித்ததில்லை.

மே 17
கொழுப்பு மிஞ்சி வந்த கணைய அழற்சிதான். டயாலிசிஸ் இல்லை. பெந்தோங்கை விட்டுவிட்டார்கள். ஆதாரமாக எடுத்த சாராய ஜாடிகள் இன்னும் ஊர்த்தலைவர் வீட்டில். விஷம் இல்லை என்று தெரிந்ததும் ஆதாரம் குறையத் தொடங்கிவிட்டதாம்.

மே 20
கூட்டத்தில் அல்காரெஸ் என் பெயரைச் சொன்னார். கடைசியில்தான். ஆனாலும் சொன்னார்.

மே 28
கோரியோ வீடு திரும்பினான். சாராயமும் பன்றித்தோலும் இனிக் கிடையாது என்றதற்கு, “அதுக்கு அந்த ஊசியே தேவலாம் டாக்டர்” என்றான்.

மதியம் அல்காரெஸ் ஒரு குழாயோடு தானே இறங்கி வந்தார். “இது கொஞ்சம் கலங்கலா இருக்கு, பாரேன்.” தெளிந்த மஞ்சள், கலங்கலே இல்லை. நான் சொல்லவில்லை. குளிரூட்டி சுகமாக இருக்கிறது என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அது யார் கடிதத்தால் ஓடுகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். நாளைக்கும் வருவார்.