கால் கழுவின வாய்க்கால்

9.11.2006, வியாழன்

விட்டு விட்டு மழை. வெத்தல கிள்ளி விழுப்புரம் மண்டிக்கு அனுப்பியாச்சு. அப்புறம் அண்ணனோட வெத்தலக் கொடிக்காலுக்கு. பாதிக் கொடி வாடி நிக்குது. ஒண்ண இழுத்தேன், கையோட வந்துடுச்சு. அடித்தண்டு கருப்பு, அழுகின நாத்தம். ரெண்டு வாரமா தினம் இதே வேலை, கூட நின்னு பிடுங்கறது. அண்ணி, "எழவு வீடு மாதிரி இருக்கு தம்பி"ன்னாங்க.

சாயங்காலம் எங்க கொடிக்காலுக்கு வந்து தண்ணி கட்டினேன். டார்ச்சுக்கு பேட்டரி வாங்கணும்.

13.11, திங்கள்

லேசா வெயில். வேளாண்மை ஆபீசரம்மா வந்தாங்க. அண்ணனோடத பாத்துட்டு, "மண்ணுல இருக்கிற பூஞ்சாணம்ங்க. தண்ணியில பரவும்"னாங்க. எங்களோடதையும் காட்டலாம்னு கூட்டிக்கினு வந்தேன். செருப்ப வெளிய விட்டு, வாய்க்கால்ல கால் கழுவிக்கினு நுழைஞ்சேன். அவங்க அப்படியே நின்னுட்டாங்க.

"தினம் இதுலதான் கழுவறீங்களா?"

"ஆமாங்க. கொடிக்கால் லட்சுமிங்க. அழுக்குக் காலோட மிதிக்கக் கூடாது."

"அந்த அழுக்கு எங்க போவுது?"

தண்ணியப் பாத்தேன். நேரா கொடி வேருக்குத்தான் போவுது. இது போனா எங்களுக்கு வேற பொழப்பு இல்ல.

பூஞ்சாணத்துக்கு மருந்து கலக்க மயில்துத்தம், சுண்ணாம்பு திண்டிவனத்துல வாங்கணும். கால் கழுவ வெளியில தனித் தொட்டி வெக்கணும்.

15.11, புதன்

கொடி கட்ட ஒத்தாசைக்கு அண்ணன் வந்தாரு. அவரோடது வாட ஆரம்பிச்சதுல இருந்து இப்பதான் இந்தப் பக்கமே வர்றாரு. பழக்க தோஷம், நேரா வாய்க்கால்ல கால வெச்சாரு. கத்திட்டேன். "அண்ணா, கால எடு! உள்ள வராத!" ஆளுங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

"என் காலு உனக்குத் தீட்டாடா?"

விஷயத்தச் சொல்றதுக்குள்ள போயிட்டாரு. வீட்டுல பொண்டாட்டி சோத்த வெச்சுட்டு எழுந்து போயிட்டா.

17.11, வெள்ளி

வாய்க்கால் ஓரம், முதல் வரிசை. இலை தொங்குது. இழுத்தேன். கருப்பு. அதே நாத்தம். வரப்புலயே உக்காந்துட்டேன்.

அண்ணன் கால் வெச்சது முந்தாநேத்து. தண்டு இவ்ளோ அழுவ அது பத்தாது. அங்க பிடுங்கிட்டு, அந்தச் சேத்தோட வந்து தினம் இங்க கழுவினது யாரு? நான்தான். அவரப் போயி கத்தினேனே.

18.11, சனி

வானம் மூடாப்பு. ஆளுங்க வரல. தனியா பிடுங்கிக்கினு இருந்தேன். நிமிர்ந்தா, வேலிப் படலுக்கு வெளிய அண்ணன். இங்கயும் வாடினத, நான் கத்தின காரணத்த யாரு சொன்னாங்களோ. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கினு நிக்கிறாரு. வாய்க்கால் பக்கமே வரல.

"கூடப் பிடுங்க வந்தேன். உள்ள வரலாமாடா?"ன்னு கேட்டாரு.