நான்காவது பாட்டில்

மார்ச் 3

மூன்றாம் மாதம் என்றார் டாக்டரம்மா. என் மனைவி சிரித்தாள். நான் ஐந்தாம் மாதம் எப்போது வரும் என்று கணக்குப் போட்டேன். போன தடவை ஐந்தாம் மாதத்தில்தான் கலைந்தது. "சில சமயம் காரணம் தெரியாதுப்பா" என்று அப்போது சொன்னவரும் இவர்தான்.

அதெப்படித் தெரியாமல் போகும்? பதினாறு வருஷமாக பஸ் எஞ்சின் பார்க்கிறேன். காரணம் தெரியவில்லை என்று ஒரு வண்டியையும் திருப்பி அனுப்பியதில்லை.

மார்ச் 9

ஒர்க்‌ஷாப் பெயிண்டர் போனில் ஒரு வீடியோ காட்டினார். குழாய்த் தண்ணீரில் எதையோ கலக்கிறார்களாம், அதனால்தான் கரு தங்குவதில்லையாம். எங்கள் தெருவில் யார் யாருக்குக் கலைந்தது என்று விரல் விட்டு எண்ணினேன். இவளோடு நான்கு பேர்.

"உன் வீட்டம்மா தண்ணி டெஸ்ட் பண்ற இடத்துலதானே இருக்காங்க? கேட்டுப் பாரு. சொல்ல மாட்டாங்க."

மார்ச் 10

கேட்டேன். தான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினாள். வரிசையாக 'கண்டறியப்படவில்லை', 'கண்டறியப்படவில்லை'. ஏன், 'இல்லை' என்று போட்டால் என்ன?

"அப்படி யாரும் போட மாட்டோம். எங்க மெஷினுக்குத் தெரியற அளவுக்குக் கீழ என்ன இருக்கோ, யார் கண்டா?"

யார் கண்டாவாம்! எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள்.

மார்ச் 14

மலையடிவாரத்து ஊற்றிலிருந்து இரண்டு கேன் பிடித்து வந்தேன். பெயிண்டர் வீட்டில் அதைத்தான் குடிக்கிறார்கள். "பைத்தியமா உங்களுக்கு?" என்றாள். அழுதுவிட்டேன். அப்புறம் அவள் இறங்கி வந்தாள். "சரி, கொதிக்க வச்சுக் குடுங்க."

கொதித்தால் சத்தெல்லாம் போய்விடும் என்கிறார் பெயிண்டர். கொதிக்க வைத்ததாகப் பொய் சொல்லி அப்படியே ஊற்றிக் கொடுத்தேன். அவள் நல்லதுக்குத்தானே.

மார்ச் 27

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுபவள் இவள். தெரிந்தே போடுகிறாளா? என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள்— எழுதவே கை கூசுகிறது. ஆனால் எண்ணம் போகமாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 2

நான்கு பாட்டில், மேலே எண் மட்டும். ஒன்று வீட்டுக் குழாய். இரண்டு ஒர்க்‌ஷாப் குழாய். மூன்றில் குழாய்த் தண்ணீரோடு ஒரு சிட்டிகை உப்பு, அதுதான் பொறி. நான்கு ஊற்று. எல்லாம் நல்ல தண்ணீர் என்று இவள் பொய் சொன்னால் உப்பில் மாட்டுவாள்.

"என்னையே டெஸ்ட் பண்றீங்களா?" முகம் சுண்டிப்போனது. ஆனாலும் பையில் வைத்து எடுத்துப் போனாள்.

ஏப்ரல் 4

மத்தியானம் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றாள். அங்கே அவள் வந்ததே இல்லை.

"ஒண்ணும் ரெண்டும் நல்ல தண்ணி. மூணுல உப்பு, நீங்க போட்டது. நாலு எங்கேருந்து?"

நான் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தேன்.

"அதுல சாக்கடைக் கிருமி இருக்கு. சொல்லுங்க, எங்கேருந்து?"

சொன்னேன்.

"கொதிக்க வச்சுதானே குடுத்தீங்க?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. "மூணு வாரமா அதைத்தான் குடிக்கிறேன்" என்றாள். திட்டியிருக்கலாம். திட்டவில்லை, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 5

ஆஸ்பத்திரியில் இவளுக்கு ரத்தம் எடுத்தார்கள். "குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா?" என்று கேட்டேன். "இப்ப எதுவும் தெரியல. ஆகாதுன்னு எழுதிக் குடுக்கவும் முடியாது. பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா.

பழி போட ஆள் தேடிக்கொண்டிருந்தேனே. கிடைத்துவிட்டான்.

ஏப்ரல் 6

பெயிண்டரிடம் ஊற்றைப் பற்றிச் சொன்னேன். "ரிப்போர்ட்டை மாத்தியிருப்பாங்க தம்பி" என்றார்.

ஒரு நிமிஷம் அதை நம்பிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது! நம்பினால் நான் எதுவும் செய்யாதவன் ஆகிவிடுவேன். எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 19

இன்னும் ஆமாம், இல்லை என்று மட்டும்தான் பேசுகிறாள்.

ஓடிக்கொண்டே இருந்து திடீரென நின்றுவிடும் பஸ் ஒன்று. நான்கு நாள் பிரித்துப் போட்டுப் பார்த்தாயிற்று. இன்று வேலைச் சீட்டில் எழுதினேன்: 'காரணம் தெரியவில்லை. கவனித்துக்கொண்டே இருக்கவும்.' ஃபோர்மேன் இரண்டு தடவை படித்தார். "உனக்கே தெரியலையா? இன்னிக்கு மழைதான்."

மே 11

ஐந்தாம் மாதம். போன தடவை இந்த வாரம்தான். இவள் பாத்ரூமில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தால் கதவுக்கு வெளியே போய் நிற்கிறேன். பயம். வேறு எதுவும் எழுத வரவில்லை.

மே 12

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். "எனக்கு மட்டும் பயம் இல்லைன்னு நினைச்சீங்களா?" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம்.

ஜூன் 8

ஆறாம் மாதம். ஸ்கேனில் 'குறை எதுவும் தென்படவில்லை' என்று எழுதியிருந்தார்கள். ஏன் 'இல்லை' என்று போடவில்லை என நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் கேட்டாள். குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தேன்.

"நல்ல தண்ணிதானா?" என்றாள், வேண்டுமென்றே.

"தெரியாது. குடி."

பாதி குடித்தாள். மீதியை நான் குடித்தேன்.