டீச்சரம்மா உட்கார வைத்த நாற்காலி

என் வீட்டு நீதிபதி அம்மாவுக்கு, உன் ஆயுள் கைதி எழுதுவது. நான் சுகம். உன் மூட்டுவலி எப்படி? நம் பெரியவள் கல்யாணத்துக்கு வருவீர்களா என்று மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டாய். அதற்குத்தான் இது.

நான் டீ கொடுக்கும் பயிற்சிக் கூடத்தில் இந்த வாரம் வாத்தியார்கள் கூட்டம். இந்த நாட்டு அரசியல் சாசனத்தைப் பிள்ளைகளுக்கு எப்படி நடத்துவது என்று அவர்களுக்கே பாடம். நடத்துகிற டீச்சரம்மா, "இவருக்குப் புரிஞ்சா பிள்ளைங்களுக்கும் புரியும்" என்று, தட்டோடு நின்ற என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றது இப்போதுதான் உதவியது!

ஒரு வாத்தியார் வேர்த்துக்கொண்டே சொன்னார்: "இங்க இருக்கிற யாரும் நினைச்சா ஊருக்குப் போகலாம். யாரும் தடுக்கக்கூடாது. புரியுதாண்ணே?"

"எனக்குப் புரியுது சார். என் பாஸ்போர்ட்டைப் பூட்டி வச்சிருக்கிற சூப்பர்வைசருக்கு யாரு நடத்துவாங்க?"

சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. டீயெல்லாம் ஆறிப்போனது. பிறகு டீச்சரம்மா தனியாக வந்து, "பாஸ்போர்ட் நகல் ஊர்ல இருந்தா வரவழைங்க. நானே கூட வந்து கேக்கிறேன்" என்றார். விஷயம் காதுக்குப் போனதிலிருந்து சூப்பர்வைசர் என்னிடம் பேசுவதில்லை. நீ பேசாத நாட்களைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் தூசு, பயப்படாதே.

பச்சைப் பெட்டியில் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் இருக்கும், உடனே அனுப்பு. முறைக்கிற மாதிரியாவது உன் போட்டோ ஒன்று வை. மணி அடிக்கிறார்கள், ஓடுகிறேன். கல்யாணத் துணி எடுக்கும்போது எனக்கும் ஒரு சட்டை எடு. பழைய அளவு வேண்டாம், கொஞ்சம் இளைத்திருக்கிறேன்.