பையை நான் பார்த்துக்கொள்கிறேன்

பரணில் கிடந்த நீல ஜிப் பையை இன்று காலையில் இறக்கினேன். திறந்ததும் உப்பும் ரப்பரும் கலந்த ஒரு வாடை. அடியில் உன் செருப்பு. இடது காலுக்கு மட்டும் இரண்டு விரல் உயரத்துக்கு அடி வைத்துத் தைத்த அதே ஜோடி. வார் இடுக்கில் அந்தமான் மணல் இன்னும் ஒட்டியிருக்கிறது. ஊர் திரும்பியதும், "அடுத்த தடவைக்கு இருக்கட்டுங்க" என்று கழுவாமல் பைக்குள் போட்டு ஏற்றச் சொன்னவள் நீதான். தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. நீ இருந்திருந்தால், "வூடெல்லாம் மண்ணாக்காதீங்க" என்று என்னை வாசலுக்குத் துரத்தியிருப்பாய்.

தொப்பூர் கணவாயில் நீ வந்த பேருந்தின் மேல் லாரி மோதி உன் கால் முறிந்த பிறகு, உனக்கு ஒரு வாக்கியம் வாடிக்கையாகிவிட்டது. மலைக்கோயில் படிக்கட்டா, ஒகேனக்கல் தொங்கு பாலமா, எங்கே போனாலும் நிழலாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துகொள்வாய். "பையெ நான் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க." சலிப்பே இல்லாமல் சொல்வாய். அதனால் நானும் நம் பாப்பாவும் போய்விட்டு வந்துகொண்டிருந்தோம். பாப்பா பன்னிரண்டாவது முடித்ததும் தீவுக்குப் போகலாம் என்று அடம்பிடித்தபோதுகூட, அங்கேயும் நீ கரையில் பையோடு இருப்பாய் என்றுதான் நினைத்தேன்.

படகில் நம்மோடு இரண்டு குடும்பங்கள் இருந்தன. கடல் அத்தனை பச்சையாக இருக்கும் என்று எவன் கண்டான்? தண்ணீருக்குள் முகம் வைத்து மீன் பார்ப்பதற்கு ஆளுக்கொரு கண்ணாடியும் மூச்சுக் குழாயும் கொடுத்தார்கள். வழிகாட்டும் பையன் தமிழ்ப் பையன். நீ படகில் ஏறியபோதே உன் நடையைக் கவனித்துவிட்டான் போலிருக்கிறது. உனக்கு மட்டும் கண்ணாடி தரவில்லை.

"அக்கா, நீங்க படகுலயே இருங்க. அடியில கண்ணாடி போட்டிருக்கு, அது வழியா மீன் தெரியும்."

"அது மாதிரி பாக்கறதுக்கு எங்கூட்டு டிவியே போதும் தம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அவன் உன் காலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "அம்மா, வேணாம்மா" என்றாள் பாப்பா. அவள் ஏற்கெனவே படகின் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா இறங்கவில்லை என்றால் தானும் இறங்க வேண்டியதில்லை என்ற கணக்கு அவளுக்கு.

நீ குனிந்து செருப்பைக் கழற்றினாய். ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாய். ஜிப்பை இழுத்து மூடி, பையை என் மடியில் வைத்தாய்.

"பையெ நீங்க பாத்துக்கங்க."

பிறகு அந்தப் பையனிடம் சொன்னாய்: "காலு தண்ணிக்கு வெளியதான் நொண்டும் தம்பி. உள்ளார நொண்டாது."

பென்னாகரம் பக்கத்துப் பெரிய கிணற்றில், மோட்டார் ரூம் மேலிருந்து குதித்து வளர்ந்தவள் நீ. நான் பிறந்த ஊரிலோ கிணற்றில் வாளி முங்கினாலே அதிசயம். ஆனால் நீ அங்கே குளிக்க இறங்குவதைப் பார்த்திருந்ததால், நீ அடுத்துச் செய்தது எனக்கு மட்டும்தான் புரிந்தது. ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, உங்கள் கிணற்றில் இறங்குவதற்கு முன் செய்கிற மாதிரியே ஒரு கை தண்ணீர் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மீதியை வாயில் ஊற்றினாய். அடுத்த நொடி தூவென்று துப்பி, முகத்தை அஷ்டகோணலாக்கினாய். "அட கருமமே, உப்பு!" படகே குலுங்கச் சிரித்தது. இந்த முறை நீயும் சிரித்தாய். பையன் நீட்டிய கண்ணாடியையும் குழாயையும் மாட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டாய்.

அதன் பிறகு பார்த்ததை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! படியிறங்கும்போது கைப்பிடியைத் தேடும் நீ, அந்தத் தண்ணீரில் எதையும் தேடவில்லை. லைஃப் ஜாக்கெட் போட்டும் மற்றவர்கள் மிதவை வளையத்தைக் கட்டிக்கொண்டு தத்தளித்தார்கள். நீ குப்புறப் படுத்து, குழாயில் மூச்சுவிட்டபடி, இரண்டு காலையும் ஒரே சீராக அடித்துப் போய்க்கொண்டிருந்தாய். எது முறிந்த கால் என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் "யாருங்க அது?" என்று கேட்டார். "என் வூட்டுக்காரிங்க" என்றேன். அவர் கேட்டது ஒரு தடவை, நான் சொன்னது மூன்று தடவை.

நீ தலையைத் தூக்கி, "பாப்பா, உள்ள வந்து பாரு, மஞ்சளா ஒரு மீனு, உங்கத்தை கல்யாணப் பொடவ கலரு!" என்று கத்தினாய். பாப்பா கம்பியை விட்டாள். உன் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். நான் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உயரம் ஒத்துப்போகாத அந்தச் செருப்பு துணி வழியாக என் தொடையில் அழுத்திக்கொண்டிருந்தது. கல்யாணத்தன்றுகூட நான் அத்தனை நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

போன தையில் நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய். கூட்டம் கலைந்ததும் வீடு பெரிதாகிவிட்டது. பாப்பா பெங்களூரில் வேலைக்குப் போகிறாள், அங்கே ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்து நன்றாகவே நீந்துகிறாளாம். நேற்று போன் செய்தாள்.

"அப்பா, அங்கயே போலாம்ப்பா. அம்மா எறங்குன எடத்துக்கு. நான் டிக்கெட் போடறேன்."

"சரி" என்றேன்.

"நான் எறங்குவேன். நீங்க?"

"பையெ நான் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

பையைத் துடைத்து வைத்துவிட்டேன். என் வேட்டி, துண்டு, மாத்திரை எல்லாம் அதில்தான். செருப்பை வெளியே எடுக்கவில்லை. நீ சொன்ன அடுத்த தடவை வந்துவிட்டதே. பாப்பா தண்ணீரில் இறங்கியதும் பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவேன். பக்கத்தில் யாராவது கேட்கத்தான் செய்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன்: "எம் பொண்ணுங்க. அவங்கம்மா மாதிரியே."