படத்தின் இடது பக்கம்

புது டெல்லி,
ஞாயிறு

அன்பு மகள் அன்னாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் டப்ளின் குளிரைச் சமாளித்து நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேசினால் இந்த இரண்டு அறை வீட்டில் அவர் காதில் விழும், தமிழில் டைப் அடிக்கவும் எனக்கு வராது, அதனால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், எழுத்துக்கூட்டியாவது முழுவதும் படித்துவிடு.

அப்பாவின் படக் கண்காட்சி அடுத்த மாதம் இருபதாம் தேதி. டெல்லியில் வரைய என்ன இருக்கிறது என்று சிரித்தவர்களுக்கெல்லாம் முப்பது வருஷமாக யமுனைக் கரையை வரைந்தே பதில் சொன்ன மனுஷர், ஸ்கூலில் டிராயிங் மாஸ்டராக இருந்தபோதும் சனிக்கிழமை தவறாமல் கரைக்குப் போனவர், நுரை, குப்பை, எருமை, பாலம் எதையும் விடமாட்டார். இந்த வருஷப் படங்களில் வலது பக்கமெல்லாம் எப்போதும் போல இருக்கிறது, இடது பக்கம் மட்டும் வெறிச்சோடிக்கொண்டே வருகிறது. பாலம் பாதியில் நிற்கிறது. கண்காட்சி நடத்துகிற வெங்கடராமன் சார், இப்போதுதான் மாஸ்டர் கை பக்குவப்பட்டிருக்கிறது, இந்த வெறுமைதான் படமே என்று கொண்டாடுகிறார். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கு அது பக்குவமாகத் தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் வார்டில் நர்ஸாக நின்றவள் நான். சோதித்துப் பார்த்தேன், காபியை இடது பக்கம் வைத்தால் காபி இன்னும் வரலையே என்கிறார், தட்டில் இடது ஓரத்துப் பொரியல் அப்படியே கிடக்கிறது, போன வாரம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இடது பக்கமிருந்து வந்த ஆட்டோ இடிக்க இருந்தது, பார்த்துப் போகச் சொல்லி, தேக் கே சலோ அங்கிள் என்று ஆட்டோக்காரன் கத்தினான். மூக்குக் கண்ணாடிக் கடையில் எல்லா எழுத்தையும் படித்துவிட்டார். என் பயம் கண்ணைப் பற்றி இல்லை, தலைக்குள் ஏதோ என்றுதான். ஸ்கேன் எடுக்கலாம் என்றால், கண்காட்சி முடியட்டும் ராணி, இத்தனை வருஷத்துல இப்பதான் ஒருத்தர் என்னைப் பாராட்டியிருக்கார் என்கிறார். அந்தப் பாராட்டும் வியாதிக்குத்தானா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

ஒரு மாதம் தள்ளிப் போடுகிற விஷயமில்லை இது. புதன்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன், நான் கூப்பிட்டால் வரமாட்டார், உன் பேச்சைத்தான் கேட்பார். நான் எழுதியதாகச் சொல்லாதே. வீடியோ காலில் படத்தைக் காட்டச் சொல்லி, பாலத்தின் மிச்சம் எங்கே அப்பா என்று நீயாகக் கேள். அழாமல் கேள். குளிரில் சாக்ஸ் போடாமல் திரியாதே, கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும்.

நேற்று கரைக்கு நானும் போயிருந்தேன். அவருக்கு இடது பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். படம் முடிந்து பிரஷைத் துடைத்துவிட்டு எழுந்தவர், ராணி, எங்க போயிட்ட என்று ஆற்றைப் பார்த்துக் கூப்பிட்டார். பட்டாணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, அவருடைய வலது பக்கம் போய் நின்றேன் அன்னா.

உன் அம்மா,
இன்பராணி கிறிஸ்துதாஸ்