புளி போட்டுத் துலக்கிய மூன்று கார்டுகள்

நேற்று அரியலூரில் ஒரு அரசு ஆபீசில் காத்திருந்தபோது, மூலையில் இருந்த யூ.பி.எஸ். கருகிவிட்டது. புகை கொஞ்சம்தான். ஆனால் மீனைத் தணலில் போட்டு மறந்ததுபோன்ற ஒரு வாடை அறை முழுக்கப் பரவியது. எழுத்தர்கள் ஜன்னலைத் திறக்க ஓடினார்கள். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். "மீன் வாட அடிச்சா கண்டென்சர் போச்சு, அரக்கு வாட அடிச்சா காயில் போச்சு. கண்ண மூடிக்கிட்டே சொல்லிப்புடலாம் சார்" என்று நீங்கள் ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. அதன் பிறகு உங்கள் குரல் இத்தனை பக்கத்தில் கேட்டது நேற்றுதான்.

நாம் பழகத் தொடங்கியது தொண்ணூற்றாறில். சிமெண்ட் ஆலையில் ஒரு நாள் உற்பத்தி நின்றுபோனதை விசாரித்துப் பேப்பரில் எழுதப் பெரம்பலூரிலிருந்து வந்திருந்தேன். தனக்குக் காரணம் தெரியாது என்று சொல்ல விரும்பாத மேலாளர் என்னை இன்ஸ்ட்ருமென்ட் செக்ஷனுக்கு அனுப்பிவைத்தார். அங்கே சேலைக்கு மேல் நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை எலக்ட்ரானிக் கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு உங்கள் அப்பா நிலம் கொடுத்ததற்காகக் குடும்பத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. தம்பி பத்தாவதோடு நின்றுவிட்டார், நீங்கள் டிப்ளமோ முடித்திருந்தீர்கள். அப்படித்தான் அந்த வேலைக்கு வந்ததாகச் சொன்னீர்கள். சிமெண்ட் சுடும் சுழல் சூளை நின்றால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"லோடிங்ல அறுவது பேரு இருக்காங்க. மூட்ட ஏத்துனாத்தான் அன்னைக்குக் கூலி. அவங்களுக்குச் சோறு நின்னுடும். கம்பெனிக்கு ஒன்னும் ஆவாது சார்."

நான் அதைக் குறித்துக்கொண்டேன். மேலாளர் சொன்ன எதுவும் இப்போது நினைவில் இல்லை.

பிறகு மெல்ல மெல்ல உங்கள் வேலை எனக்குப் புரிந்தது. சூளையின் வெப்பத்தைக் கவனித்து, கரித்தூளையும் காற்றையும் கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோல் பேனல் வெளிநாட்டில் செய்தது. அதற்குள் வரிசையாகச் செருகியிருக்கும் கார்டுகளைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டதாக அந்தக் கம்பெனி இரண்டு வரியில் கடிதம் எழுதியிருந்தது. அன்றிலிருந்து ஒரு கார்டு போனால் இன்னொன்றைத் தேடி எடுப்பது உங்கள் பொறுப்பாயிற்று. மூடிய நூற்பாலை, நொடித்த சர்க்கரை ஆலை, ஏல விளம்பரம் என்று எதையும் விடமாட்டீர்கள். நான் படித்துமுடித்த பழைய பேப்பர்களைக்கூட ஏல விளம்பரங்களுக்காக வாங்கிப் போவீர்கள்.

திருச்சியில் ஒரு காயலான் கடைக்கு உங்களோடு வந்தது நினைவிருக்கிறது. கடைக்காரரிடம் உடைந்த சுவிட்சு, வயர், பழைய மோட்டார் என்று விலை கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். உங்களுக்கு வேண்டிய கார்டு அவர் காலடியில் கிடந்தது. அதை நீங்கள் பார்க்கவே இல்லை. கடைசியில் அரை மூட்டைக் குப்பையோடு அதுவும் தராசில் ஏறியது. வெளியே வந்ததும், "தேடுற சாமானக் கேக்கவே கூடாது சார். கண்ணுல பட்டாலும் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. நமக்கு அவசரம்னு தெரிஞ்சா அதுக்கப்புறம் அது சாமானா இருக்காது" என்றீர்கள். நான் சிரித்தேன். புரிந்துகொண்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

இரண்டாயிரத்து மூன்றில் நிலைமை மோசமானது. எரிபொருளைக் கட்டுப்படுத்தும் கார்டில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அது பேனலில் ஓடிக்கொண்டிருந்தது. கையிருப்பில் ஒன்றும் இல்லை. அது போனால் பழைய சூளையை அப்படியே மூடிவிடலாம் என்று தலைமை அலுவலகத்தில் பேச்சு இருந்தது. அந்த நேரத்தில் அதே எண்ணுள்ள மூன்று கார்டுகளை நீங்கள் ஜெயங்கொண்டத்தில் கண்டுபிடித்தீர்கள். விருத்தாசலம் பக்கம் மூடிய ஓர் ஆலையின் சாமான்களை ஏலத்தில் எடுத்த பழைய இரும்பு வியாபாரி, அவற்றைத் தன் வீட்டுக் கொட்டகையில் போட்டிருந்தார். வழக்கம்போல அவற்றைப் பார்க்காமல், வயருக்கு விலை பேசிவிட்டு, திங்கட்கிழமை வருவதாகச் சொல்லித் திரும்பியிருந்தீர்கள். இதை நீங்கள் பஸ்ஸில் சந்தோஷமாகச் சொன்னீர்கள். எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை. எனக்கே தெரியும் என்று நம்பியிருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் உங்களைப் பற்றி எழுதினேன். அறுபது குடும்பங்களின் அடுப்பு ஒரு பெண்ணின் தேடலில் எரிகிறது என்று தெரிந்தால் தலைமை அலுவலகம் சூளையை மூடத் தயங்கும் என்பது என் கணக்கு. ஜெயங்கொண்டத்தின் பெயரைக் கவனமாக விட்டுவிட்டேன். வியாபாரியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் கார்டின் எண்ணைப் போட்டேன். எந்தத் தகவலையும் பொத்தாம்பொதுவாக எழுதக்கூடாது என்பது இருபது வருடப் பழக்கம். ஒரு எழுத்து, ஆறு இலக்கங்கள். இரண்டு முறை சரிபார்த்தேன்.

மறுநாள் ஜெயங்கொண்டம் பஸ்ஸில் உங்களைப் பார்த்தேன். எனக்கு அங்கே கோர்ட்டில் வேலை இருந்தது. பேப்பர் உங்கள் மடியில் மடித்து இருந்தது. பாராட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். "போட்டுட்டீங்க" என்று மட்டும் சொன்னீர்கள். அதற்குப் பிறகு ஊர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே முந்திரித் தோப்பையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. கோர்ட்டுக்குப் போகாமல் உங்கள் பின்னாலேயே வந்தேன்.

விலையை ஏற்றிவிடுவார் என்றுதான் இருவரும் பயந்தோம். வியாபாரியோ வாசலுக்கே வந்து உங்களை அழைத்துப்போனார். அவருடைய மச்சான் உங்கள் ஆலையில் லோடிங்கில் இருந்தவர். டீக்கடையில் செய்தியை யாரோ படிக்க வியாபாரி கேட்டு, ஓடிப்போய்க் கொட்டகையில் எண்ணைத் தேடிப் பார்த்திருக்கிறார். ஒரு வெள்ளைத் துண்டைப் பிரித்து மூன்று கார்டுகளையும் உங்கள் முன்னால் வைத்தார்.

"வெலையெல்லாம் பேச வேணாம்மா, எடைக்கே எடுத்துக்குங்க. ஒரே அழுக்கா கெடந்துச்சு. எங்க வூட்ல புளியும் செங்கத் தூளும் போட்டு நேத்து பூரா தேச்சா. பாருங்க, எப்புடி மின்னுதுன்னு."

மின்னியது. பேனலில் செருகும் விளிம்பில் இருந்த மெல்லிய தங்கப்பூச்சு முழுக்கப் போய், அடியிலிருந்த செம்பு பளபளத்தது. நூல்போன்ற இணைப்புகள் பல இடங்களில் அறுந்திருந்தன. தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. ஒரு கார்டைக் கையில் எடுத்து, வழக்கம்போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் எதுவும் மாறவில்லை. கதவோரம் நின்ற அவர் மனைவியின் விரல் நுனிகள் தோலுரிந்து சிவந்திருந்தன. அந்த அம்மாவிடம், "குத்துவெளக்காட்டம் தொலக்கியிருக்கீங்க" என்று சொன்னீர்கள். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். நன்றி சொல்லி மூன்றையும் வாங்கிக்கொண்டீர்கள்.

அடுத்த வாரம் பேனலில் இருந்த கார்டும் போனது. சூளை பத்தொன்பது நாள் ஆறிக் கிடந்தது. லோடிங் ஆட்களில் சிலர் ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போனார்கள். சிலர் திருப்பூருக்குப் போனார்கள். வியாபாரியின் மச்சானும் அவர்களில் ஒருவர். அவர் திரும்பவே இல்லை. அந்தப் பத்தொன்பது நாளும் நீங்கள் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, மூன்று கார்டுகளில் உயிரோடு இருந்த உறுப்புகளைப் பிரித்து, அறுந்த இடங்களில் தலைமுடி கனத்துக் கம்பியைப் பற்றவைத்து, ஒரு கார்டை எழுப்பினீர்கள். சூளை சுழன்றது. தலைமை அலுவலகம் மூடும் பேச்சை விட்டது. உங்களுக்கு மட்டும், பத்திரிகையிடம் பேசியதற்காக ஒரு மெமோ வந்தது.

அதைக் கேள்விப்பட்டு ஆலை வாசலுக்கு வந்தேன். திருத்தம் போடுகிறேன், நீங்கள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை என்று எழுதுகிறேன் என்றேன்.

"சொன்னேன்ல சார்? அப்பறம் எப்புடி இல்லன்னு எழுதுவீங்க?" என்று கேட்டீர்கள். உங்கள் குரலில் கோபம் இல்லை. "தப்பா ஒன்னும் போடலையே. பேரு சரி, நம்பரு சரி. எதத் திருத்துவீங்க?"

பிழை இல்லாமல் எழுதுவதைத்தான் அதுவரை என் நேர்மை என்று வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகும் பஸ்ஸில் பார்த்தால் பக்கத்தில் இடம் போட்டுக் கொடுத்தீர்கள். மழை, மகளின் படிப்பு, மாவட்டத்தைப் பிரித்ததும் சேர்த்ததும் எல்லாம் பேசினோம். கார்டைப் பற்றி மட்டும் என்னிடம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

நீங்கள் இறந்த அன்று மூன்று வரிச் செய்தி அனுப்பினேன். பெயர், வயது, ஊர், எந்த ஆலையில் எத்தனை வருடம். நீங்கள் செய்ததை எழுதவில்லை என்று உங்கள் செக்ஷன்காரர்களுக்கு வருத்தம். பழைய சூளை இன்னும் அதே பேனலில்தான் ஓடுகிறது. மாற்றப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். தேடும் வேலை இப்போது உங்கள் செக்ஷனில் இன்னொருவருடையது.

போன மாதம் வேறொரு செய்திக்காக ஒரு மூடிய ஆலைக்குள் போனேன். துருப்பிடித்த அறையில் உங்கள் பேனலின் ஜோடி நின்றது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. காவலாளியிடம் ஜன்னல் கதவுகளைப் பற்றி விசாரித்துவிட்டு வெளியே வந்து, பஸ் பிடித்து, உங்கள் ஆலை வாசலுக்கு இப்போது தேடுபவரை வரச்சொல்லி நேரில் சொன்னேன்.

"பேப்பர்ல வருமா சார்?" என்று கேட்டார். வராது என்றேன்.

அந்த எண் எனக்கு மனப்பாடமாக இருக்கிறது. அதை உங்களுக்கு எழுதும் இந்த மடலிலும் எழுதவில்லை.