உரித்து வைத்த இருபது முட்டை

அத்தை,

காலையில் சமையலறைக்கு வந்து பார்த்தேன். இருபது முட்டையும் ஒரு கீறல் இல்லாமல் உரித்து வைத்திருந்தது. பக்கத்தில் நீங்கள் மூக்கில் கட்டியிருந்த கைக்குட்டை. முட்டை வாடையே ஆகாத நீங்களா இதைச் செய்தீர்கள்? "என் ஆபீஸ்காரங்க முன்னாடி மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்காதீங்க, பார்ட்டி முடியறவரை உள்ளயே இருங்க" என்று நேற்று கத்தினவளுக்கா?

பாதிபாதியாக வெட்டிக் கருவை எடுத்துவிட்டு, வெள்ளையைப் பீட்ரூட் தண்ணீரிலும் மஞ்சள் தண்ணீரிலும் ஊறப்போட்டிருக்கிறேன். மூன்று மணிக்கு உங்கள் மகனை வடித்து வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கிட்டவே போகாதீர்கள். கருவை மசித்து நிரப்புவதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டுச் சாவி செருப்பு அலமாரி மேல்.

கைக்குட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். சாயங்காலம் பார்ட்டியில் அதைக் கட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.